மரியா கிறிஸ்டினாவுக்கு மூன்றாம் ஓலை

உபதேசியார் பெரியநாயகத்துக்குத் தெரியாத ஆளைக் கண்டால் ஆகாது. தெரிந்த ஆளைக் கண்டாலும் அவ்வளவு பிரியம் கிடையாது, அது வேறு கதை. திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற பக்கம் சவேரியார்பாளையத்துக் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கிறது, சாமியாருக்கு எழுத்து வேலை பார்க்கிறது, கல்யாண ஓலை வாசிக்கிறது எல்லாம் அவர்தான். அந்த ஓலை வாசிக்கிறதில்தான் மனுஷனுக்கு உயிரே இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், பையன் பேர், பெண் பேர், அப்பன் ஆத்தாள் பேர், ஊர்ப் பேர் எல்லாம் மைக்கில் வாசித்து, "இவர்களுக்குள் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிக்கவேண்டும். அந்தக் 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' வரும்போது பெரியநாயகம் மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஒரு பாவமும் அறியாத கிழவிகள்கூட முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கொடுத்தார்கள். இனிமேல் சுற்றறிக்கை எல்லாம் மெயிலில்தான் வரும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் இருதயநாதன் தங்கமான மனுஷர், ஆனால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். "பெரியநாயகம், நீயே பாத்துக்கினு போப்பா" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வந்த மாசமே மார்கரெட் அம்மாள் மெயிலில் வந்து சேர்ந்தாள். லண்டனில் படுத்த படுக்கையாம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டானாம், பிள்ளை குட்டி கிடையாதாம், இருக்கிற சொத்தை ஏதாவது ஏழைக் கோயிலுக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடணுமாம். பெரியநாயகத்துக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்காக ஊர் கூடி ஜெபமாலை சொன்னார்கள். அடுத்த வாரம், 'இன்னும் சில மணி நேரம்தான்' என்று மெயில் வந்தது. பூசை வைத்தார்கள். அதற்கடுத்த வாரமும் அவளுக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. பாட்டுக்குழுவில் எல்லாரையும் அமுக்கிவிட்டுப் பாடுகிற இருதயமேரி மெதுவாக வந்து, "உபதேசியாரே, நம்ம ஜெபம்தான் அந்தம்மாவ சாக விடாம இழுத்துப் புடிச்சிக்கினு கீதோ? ஒரு வாரம் நிறுத்திப் பாப்பமா?" என்று கேட்டாள்.

நல்ல வேளை, ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பார்க்காமல் பெரியநாயகம் எந்தக் காகிதத்தையும் நகர்த்துகிறவர் இல்லை. லண்டன் அம்மாளாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? கேட்டு எழுதினார். சாகக் கிடந்தவள் மறுநாளே சுறுசுறுப்பாக எழுந்து அனுப்பியும் வைத்தாள். அதைப் பார்த்தால், அவள் பிறந்த தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது.

"வயித்துக்குள்ள போயா தண்ணி ஊத்துனாங்க?" என்று பெரியநாயகம் போட்ட சத்தத்தில் சாமியாரே விழித்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடுதான் மகள் ஜெர்லினைக் கூப்பிட்டார். ஜெர்லின் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள், தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். அப்பனுக்கு ஏற்ற வாய், அம்மா சூசை மேரிக்கு ஏற்ற சிரிப்பு.

"இந்தப் பெட்டிக்குள்ள கண்டவன் வராம பண்ணு" என்றார்.

"செட்டிங்ஸ்ல மூணு படி கீதுப்பா. மொதப் படி லேசா வடிகட்டும். ரெண்டாவது நடுத்தரம். மூணாவது போட்டா, நம்ம அட்ரஸ் புக்குல பேரு இருக்கிறவங்க மெயில் மட்டும்தான் உள்ள வரும். மத்தது பூரா குப்பைக்குப் போயிடும். பத்து நாளுக்கு அப்புறம் அது தானா அழிஞ்சிடும்."

"மூணாவதப் போடு."

"யாராவது நல்லவங்க புதுசா எழுதுனா இன்னா பண்ணுவ?"

"நல்லவங்க எதுக்கு முன்னப் பின்ன தெரியாத ஆளுக்கு எழுதறாங்க?"

ஜெர்லின் மூன்றாவது படியைப் போட்டாள். மெயிலில் வருகிற படங்கள் தானாகத் திறந்துகொள்ளாதபடி நிறுத்தினாள். தெரியாதவன் அனுப்புகிற லிங்க்கைத் தொடக்கூடாது என்றாள். "பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லாதப்பா" என்று முடித்தாள்.

"யாருகிட்டயுமா?"

"யாருகிட்டயும்."

உடனே அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். பெற்ற மகளுக்கும் தெரியக்கூடாதாம். ஜெர்லின் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐயோ பாவம், இது தன் தலையிலேயே வந்து விடியும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பெரியநாயகம் அநியாயக்காரர் இல்லை. குப்பையில் விழுந்தவனுக்கும் ஒரு வழி விடணும் என்று அவர் மனசாட்சி குத்தியது. முன்பின் தெரியாத வீட்டில் சம்பந்தம் பண்ணும்போது என்ன செய்கிறோம்? ஓலை வாசிக்கிறோம். மெயிலுக்கும் அதைச் செய்தால் என்ன? குப்பையில் கிடக்கிற பேர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை, தொட்டால் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஞாயிறு, கல்யாண ஓலை முடிந்த கையோடு ஆரம்பித்தார்.

"மிஸ்டர் வில்லியம்ஸ். லாட்டரி இலாகா. முதல் ஓலை. டாக்டர் விக்டர். ஆண்மை வைத்தியம். முதல் ஓலை. இவர்களை அறிந்தவர்களும், இவர்களிடத்தில் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்களும், பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

சாமியார் வழக்கம்போல நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பூசை கலைந்ததும், வில்லியம்ஸ் தன் பிள்ளைக்கும் எழுதியிருக்கிறான், படு பேஜாரு ஆசாமி என்று இருதயமேரி வந்து விக்கினம் சொன்னாள். டாக்டர் விக்டர் மேல் யாரும் விக்கினம் சொல்லவில்லை. இரண்டு மூன்று பெருசுகள் மட்டும் தனித்தனியாக வந்து, அந்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்று காதோடு காதாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கோயிலுக்குப் பின்னால் மண்ணாங்கட்டி என்கிறவருக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, இருந்தது. அவர் வேதக்காரர் இல்லை, ஆனால் கோயில் ஸ்பீக்கர் வாசிக்கிறதெல்லாம் அவர் காதிலும் விழும். மூன்றாவது வாரம் ஒரு கூடை மல்லாட்டையோடு வந்து நின்றார்.

"யோவ் உபதேசி, அந்த வில்லியம்ஸ் பையனுக்கு ஓலை முடிஞ்சிடிச்சே, கண்ணாலம் எப்ப? பொண்ணு யாரு, நம்ம ஊரா?"

ஊரே சிரித்தது. பெரியநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பங்குப் பெட்டியில இதுவரைக்கும் ஒரு திருடன் நுழைஞ்சிருக்கானா?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார். வாஸ்தவம்தான், ஒருத்தன்கூட நுழையவில்லை. வேறு யாரும்கூட நுழையவில்லை.

இப்படி இருக்கும்போது ஜெர்லினுக்கு இடம் வந்தது. பையன் அந்தோணி பிரபு, விழுப்புரத்துப் பையன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பார்த்தான், பேசினான், ஜெர்லினுக்குப் பிடித்துப்போயிற்று. சூசை மேரிக்கு அதைவிடப் பிடித்துப்போயிற்று. பெரியநாயகத்துக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள். "மஸ்கட்டுல நமக்கு யாரத் தெரியும்?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். "மாப்பிள்ளையத் தெரியுமே" என்பாள் சூசை மேரி. "அவன் வேலைக்குப் போயிட்டா? புள்ள தனியா நிக்கும். ஒரு தலைவலி காய்ச்சல்னா யாருகிட்டப் போயி நிக்கும்? அங்க ஞாயித்துக்கிழமை பூசையையே வெள்ளிக்கிழமைதான் வெக்கிறானுங்களாம். அந்த ஊர நம்பி எப்படிடி அனுப்பறது?" சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். மகளிடம் இதை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவளிடம், "பேப்பரெல்லாம் ஒழுங்கா இருக்கணும்" என்று மட்டும் சொல்வார்.

பேப்பர் என்றால் ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. பையன் அஞ்சு வருஷமாக மஸ்கட்டில் இருந்தவன், அங்கே யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்று அந்த ஊர்ப் பங்குச் சாமியார் எழுதிக் கொடுக்கணும். அது ஒரு கோயில் ஆபீசிலிருந்து இன்னொரு கோயில் ஆபீசுக்கு நேராக வரணும், பையன் கையால் வரக்கூடாது. கல்யாணத்தைத் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்தார்கள். மறுநாள் விபூதிப் புதன். அதற்கப்புறம் ஈஸ்டர் முடிகிறவரை கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் பிரபுவுக்கு லீவு முடிந்துவிடும். மறுபடி லீவு கிடைக்க இரண்டு வருஷம் ஆகுமாம்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. லெட்டர் வரவில்லை.

"சர்ச் ஆபீஸ்ல இருந்து அனுப்பிட்டாங்களாம் மாமா" என்றான் பிரபு போனில்.

"வரலியே தம்பி."

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. "மறுபடி அனுப்பிட்டாங்க மாமா. என் மெயிலுக்காவது போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டான். "கட்டிக்கப்போறவனே தனக்கு நன்னடத்தை சர்டிபிகேட் கொண்டாந்தா நல்லா இருக்குமா தம்பி?" என்றார் பெரியநாயகம். குரலில் 'தம்பி' இருந்ததே தவிர பாசம் இல்லை.

"குப்பையில பாத்தியாப்பா?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"ஒவ்வொரு பேரா பாக்கறேன், கோயில்ல வாசிக்கவே செய்யறேன். மஸ்கட் சர்ச்சுன்னு ஒண்ணும் இல்ல. புதுசா மரியா கிறிஸ்டினான்னு எவளோ ஒருத்தி வாராவாரம் எழுதிக்கினு இருக்கா. மேல 'குட் நியூஸ், அர்ஜென்ட்'னு போட்டிருக்கு. எல்லாத் திருட்டுப் பசங்களும் குட் நியூஸ்னுதானே ஆரம்பிக்கிறானுங்க?"

"நான் ஒரு தடவை பாக்கறேன், பாஸ்வேர்டு சொல்லு."

"யாருகிட்டயும் சொல்லாதன்னு நீதானம்மா சொன்ன?"

ஜெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கல்யாணப் பத்திரிகை ஊர் பூரா கொடுத்தாயிற்று. குழாயடியில், பையனுக்கு அந்த ஊரில் ஏதோ இருக்கிறதாமே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சூசை மேரி சத்தம் இல்லாமல் அழுதாள். ஆனாலும் ஊரான் பெண்ணுக்கு ஒரு சட்டம் தன் பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று செய்யப் பெரியநாயகத்துக்குக் கை வராது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள லெட்டர் வரணும், இல்லன்னா கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தான்" என்று சாமியாரும் சொல்லிவிட்டார். அந்த ஒரு தடவை அவர் தூங்காமல் சொன்னார்.

கடைசி ஞாயிறு வந்தது. ஊருக்கு வந்துவிட்ட பிரபுவை நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். அவனும் விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஆம்பிளைகள் பக்கம் கடைசியில் முழங்காலில் நின்றான். ஜெர்லின் பெண்கள் பக்கம் முன்வரிசையில், முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். பெரியநாயகம் மைக்கின் முன்னால் வந்தார். தன் மகள் பேரையும் பிரபு பேரையும் வாசித்தார். "மூன்றாம் ஓலை" என்று முடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, வழக்கத்தை விடாமல் துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"மரியா கிறிஸ்டினா. ஊர் தெரியாது. மூன்றாம் ஓலை. இவரை அறிந்தவர்கள்..."

"எனக்குத் தெரியும்!" என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

கோயில் மொத்தமும் திரும்பியது. கல்யாண மாப்பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"மரியாவ எனக்கு நல்லாத் தெரியும் மாமா! அஞ்சு வருசமாத் தெரியும்!"

அடி ஆத்தி! அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? இருதயமேரி "மாதாவே!" என்று எடுத்த சுருதியில் கூரைப் புறாக்கள் பறந்தன. சூசை மேரி பக்கத்திலிருந்தவள் மடியில் சாய்ந்தாள். மண்ணாங்கட்டி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுக் கொல்லையை அப்படியே போட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தார். பெரியநாயகத்தின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மைக்கில் மோதி 'டொய்ங்' என்றது. தன் சொந்த ஓலைக்கு மாப்பிள்ளையே விக்கினம் சொல்கிற கூத்தை அவர் கண்டதே இல்லை.

ஜெர்லின் எழுந்தாள். கோயிலின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "யாருங்க அது?" என்றாள்.

"சர்ச் ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிற அம்மாங்க! மணிலாக்காரங்க! அறுபது வயசு இருக்கும்ங்க! அவங்கதான் நம்ம லெட்டர அனுப்பறவங்க!" என்று பிரபு கத்தினான்.

ஜெர்லின் மெதுவாக அப்பன் பக்கம் திரும்பினாள். அவள் பார்த்த பார்வையில், வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரியநாயகம் தலையைக் குனிந்தார்.

பங்கே திரண்டு ஆபீசுக்கு ஓடியது. கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே உயிர் வந்தது. "எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கோங்க, பாஸ்வேர்டு போடணும்" என்றார் பெரியநாயகம். அந்த நிலையிலும் கேட்டார் பாருங்கள்! சாமியார் உட்பட எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி மண்வெட்டியோடு திரும்பிக்கொண்டார்.

குப்பையில் முதல் மெயில் அழிந்துபோயிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. பெரியநாயகம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார், ஜெர்லின்தான் திறந்தாள். அந்த ஊர்ச் சாமியார் கையெழுத்தும் கோயில் முத்திரையும் போட்ட லெட்டர் இருந்தது. பிரபு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் சாமியார் அதை ஒருதரம் படித்து, "செவ்வாய்க்கிழமை கல்யாணம்" என்றார். வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

"இருங்க, கீழ இன்னும் எழுதியிருக்காங்க" என்று ஜெர்லின் இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தாள்.

"ஐயா, மூன்றாம் தடவை எழுதுகிறேன். பிரபு நல்ல பையன், வெள்ளிக்கிழமை பூசைக்கு நாற்காலி போடுகிறவன் அவன்தான். இன்னொரு விஷயம். உங்கள் மகள் இங்கே வரும்போது, ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு வருகிறோமே என்று பயப்படுவாள். நானும் அப்படி வந்து பயந்தவள்தான். விமானம் இறங்குகிற இடத்துக்கு நான் வருகிறேன். தலைவலி காய்ச்சல் என்றால் என் வீடு பக்கத்தில்தான். மஸ்கட்டில் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளிடம் சொல்லி வையுங்கள்."

பெரியநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த மகராசியவா நான் மூணு வாரம் மைக்குல வெச்சி மானத்த வாங்குனேன்?" என்றார். சூசை மேரி, "நல்லாக் கேளுங்க உங்களையே" என்றாள்.

பிறகு அவரே உட்கார்ந்து, மரியா கிறிஸ்டினாவின் பேரை அட்ரஸ் புக்கில் ஏற்றினார். ஜெர்லின் சொல்லச் சொல்ல ஒரு விரலால் பதில் தட்டினார். 'அம்மா, லெட்டர் கிடைத்தது. நீங்கள் இனிமேல் எங்களுக்குத் தெரிந்தவர். என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிய கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று பதில் வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெர்லின் படித்தாள், படிக்க முடியாமல் சிரித்தாள். "மெஷின் தானா அனுப்புன பதில்ப்பா. 'இந்தப் பெட்டி தெரியாத ஆட்களிடமிருந்து பாதுகாக்கப்பட்டுள்ளது. நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விசாரித்து முடியும்வரை உங்கள் கடிதம் நிறுத்தி வைக்கப்படும்.' அந்தம்மாவும் மூணாவது படி போட்டு வெச்சிக்கினு கீறாங்கப்பா!"

போச்சு, மனுஷன் குதிக்கப்போகிறார் என்று எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பெரியநாயகம் குதிக்கவில்லை. அவர் முகத்தில் இத்தனை மாசமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"பாத்தியா சூசை!" என்றார். "எவ்ளோ விவரமான பொம்பள! கண்டவன உள்ள விடமாட்டா. இவகிட்ட நம்ம புள்ளய தைரியமா விடலாம்."

"விசாரிக்கணும்னு போட்டிருக்கே மாமா" என்றான் பிரபு. "அங்க உங்கள யாருக்குத் தெரியும்? நானும் இங்க கீறேன்."

பெரியநாயகம் யோசித்தார். உண்மையிலேயே அது பெரிய விக்கினம்தான். மஸ்கட்டில் அவரை அறிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. அப்புறம் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார், ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்கவில்லை.

"நீ ஜல்தி போய்ச் சேரும்மா" என்றார். "அங்க வெள்ளிக்கிழமை பூசையில எம்பேர வாசிச்சா, நீ எழுந்து நின்னு, 'இவர எனக்குத் தெரியும், எங்கப்பா'ன்னு சொல்லு."